புறப்பட இருக்கிறது

பையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கொள்கிறீர்களா அக்கா? ஆங், போதும். நான் ஒல்லிதான். அவசரமே இல்லை. இரண்டு நாற்பதுக்குத்தான் எடுப்பார்கள். டிரைவர் இப்போதுதான் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார், பார்த்துவிட்டுத்தான் ஏறினேன்.

ஷ்ஷ்! கேளுங்கள், கேளுங்கள். மைக்கில்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதுரை செல்லும் பேருந்து, நான்காவது நடைமேடையிலிருந்து இன்னும் சிறிது நேரத்தில் புறப்பட இருக்கிறது."

யார் குரல், சொல்லுங்கள்? ஒரு நாற்பத்தைந்து வயது அம்மா, இல்லையா? இடுப்பில் கைக்குட்டை, லேசாக மூக்கடைப்பு. எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது நான்தான் அக்கா! வாயை மூடிக்கொண்டு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நானேதான். காலையில் பேசிப் பதிந்து பென் டிரைவில் போட்டுவிட்டு வந்தேன். நம்பவில்லையா? காதைக் கொண்டுவாருங்கள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு..." ஹி ஹி! முன் சீட்டுப் பெரியவர் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்க்கிறார் பாருங்கள்!

என் பெயர் பேச்சியம்மாள். வயது பத்தொன்பது. பெயர் வைத்தபோதே வீட்டில் யாருக்கோ தெரிந்திருக்கிறது.

மதுரையில் நாளை எனக்கு ரெக்கார்டிங். பதினான்கு பஸ் ஸ்டாண்டுகளுக்கு ஒரே குரல். ஒரு தடவை பேசிக் கொடுத்தால் கம்ப்யூட்டரே ஊர்ப் பெயரைக் கோத்துக் கோத்துச் சொல்லிக்கொள்ளுமாம். "உங்க பஸ் ஸ்டாண்டில் கேட்ட அந்த அம்மா குரல்தான் வேண்டும்" என்று அந்த ரெக்கார்டிங் கம்பெனிக்காரர்களே தேடி வந்தார்கள். அந்த அம்மா சுடிதார் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றதும் ஒருவருக்கு டீ புரையேறிவிட்டது. எல்லாம் சரி, ஒரே ஒரு சிக்கல். பதிவுக்கு முன்னால் ஒரு சோதனையாம். "உங்களை இந்தத் தொழிலில் உருவாக்கியவர் பற்றிச் சொந்தக் குரலில் இரண்டு நிமிடம் பேசுங்கள்."

சொந்தக் குரல்! எனக்கு எது அக்கா சொந்தக் குரல்? தூங்கி எழுந்தால் எங்கள் அம்மா குரல் வருகிறது. கோபம் வந்தால் கணக்கு சார். பொய் சொல்லும்போது எங்கள் முதலாளி ஞானதுரை அண்ணாச்சி: "அதாவது பாத்தீங்கன்னா, க்ஹும், அதாவது பாத்தீங்கன்னா." சரி, மதுரை போவதற்குள் ஏதாவது ஒன்று வந்துவிடும். உங்களிடம் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் கையைக் கிள்ளுங்கள்.

உருவாக்கியவர் என்றால் தங்கபுஷ்பம் மேடம்தான். சும்மா சொல்லக் கூடாது. என்னை என்ன பாடு படுத்தினாலும், என்மேல் எவ்வளவு பொறாமை இருந்தாலும், இன்று நான் இந்த நிலையில் இருக்க அவர்தான் காரணம். எதிலும் நான் பெருந்தன்மையான ஆள்.

அதோ, பால் பூத்துக்கும் கட்டணக் கழிப்பறைக்கும் நடுவில் கண்ணாடி ஜன்னல் வைத்த அறை தெரிகிறதா? அதுதான் எங்கள் மைக் ரூம். விளம்பரமும் பஸ் நேரமும் மாற்றி மாற்றிச் சொல்வோம். மேடம் அதில் இருபத்தொரு வருடம் இருந்தார். நான் பிளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடம் விட்டு இங்கே நிற்பேன். வாழைப்பழத் தாத்தா வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கையை வாயில் குவித்து, மேடம் குரலில், "காலேஜ் மாணவர்களின் கனிவான கவனத்திற்கு. உங்கள் முடி வெட்டப்பட வேண்டிய நிலையில் இருக்கிறது" என்பேன். ஸ்டாண்டே சிரிக்கும். அவன்கள் தலையைத் தடவுவான்கள்.

ஒரு நாள் பின்னாலிருந்து யாரோ என் சடையைப் பிடித்தார்கள்.

"ஏட்டி, என் கொரல எங்கன கெடந்து எடுத்த?"

மேடம்! செத்தேன் என்று நினைத்தேன். ஆனால் அவர் திட்டவில்லை. "இன்னொருக்கா சொல்லு" என்றார். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "'மாணவர்களின்'ங்கயில மூக்கு போதல. போயி பரீச்ச எழுதிட்டு வா." அவ்வளவுதான். ஏற்கெனவே டாக்டர் அவர் தொண்டைக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லியிருந்தாராம், அதனால் மேடம் மாற்று ஆள் தேடிக்கொண்டிருந்தார். பரீட்சை முடிந்த மறுநாள் அண்ணாச்சி முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

வேலையில் சேர்த்தாரே தவிர, மைக்கைத் தொட விடவில்லை அக்கா. கிட்டத்தட்ட ஒரு வருடம்! நீங்களே சொல்லுங்கள், குரல் என்னிடம் தயாராக இருக்கிறது, பட்டனை அமுக்கினால் போதும். ஆனால் என்னை வெயிலில் ஆறாவது நடைமேடைக்கு அனுப்பி நிற்க வைப்பார். அவர் உள்ளேயிருந்து பேசுவார். நான் ஓடி வந்து என்ன கேட்டது என்று சொல்ல வேண்டும்.

"என்னட்டி கேட்டுச்சி?"

"எல்லாம் கேட்டுச்சி மேடம்."

"எல்லாம்னா? சுரண்டை பஸ்ஸுக்கு 'ண்' விழுந்துச்சா?"

"அது... ஒரு லாரிக்காரன் ஹாரன் அடிச்சான்."

"லாரிக்காரன் அடிக்கத்தான் செய்வான். அங்கன காது கேக்காத கெழவி ஒருத்தி நிக்கான்னு நெனச்சிப் பேசணும். போ, திரும்பப் போ."

இப்படி ஒரு நாளைக்கு எட்டு தடவை. ஐஸ் கூடாது, பாக்கெட்டில் விற்கும் சிப்-அப் கூடாது, வெந்நீர்தான். அந்த வெந்நீர் பிளாஸ்க்கை நினைத்தாலே இப்போதும் நாக்கு சுடுகிறது. நான் கழிப்பறைப் பக்கம் போய்ச் சிப்-அப் சப்பிவிட்டு வருவேன். உதடு ஆரஞ்சாக இருக்கும். பார்ப்பார். பிளாஸ்க்கை மட்டும் என் பக்கம் நகர்த்துவார்.

இதையெல்லாம்விடப் பெரிய கிறுக்கு ஒன்று உண்டு. ஒரு வார்த்தை. 'புறப்படுகிறது' என்று சொல்லவே கூடாது. 'புறப்பட்டுவிட்டது' கூடவே கூடாது. 'புறப்பட இருக்கிறது.' அப்படித்தான் முடிக்க வேண்டும்.

"ஏன் மேடம்? பஸ்ஸு கெளம்பிட்டா கெளம்பிட்டுன்னு சொல்லக் கூடாதா?"

"கெளம்பின பஸ்ஸு கண்ணுக்குத் தெரியுமே, அத மைக்குல எதுக்குச் சொல்லுத? 'புறப்படுது'ன்னு காதுல விழுந்தா கெழடு கட்ட, புள்ளத்தாச்சி, சின்னப் புள்ள வச்சிருக்கவ எல்லாம் எந்த பஸ்ஸுன்னு கூடப் பாக்காம ஓடும். 'இருக்கிறது'ன்னு முடி. இருக்குன்னு கேட்டா மனுசன் நடந்து வருவான்."

பிள்ளை காணாமல் போனாலும் அதே கதைதான். "குழந்தை காணவில்லை" என்று நான் எழுதிக் கொடுத்தால் கிழித்துப் போடுவார். "பச்சைச் சட்டை போட்ட பிள்ளை எங்களிடம் பத்திரமாக இருக்கிறது" என்பார். எல்லாவற்றிலும் ஒரு இருக்கிறது. இருபத்தொரு வருடமாக ஒரு தடவைகூட அந்த வார்த்தையை மாற்றிச் சொன்னதில்லை என்று அண்ணாச்சியே பெருமையாகச் சொல்வார். "அதாவது பாத்தீங்கன்னா, நம்ம மேடம் வாயில ஓட்டமே கெடையாது."

என் விளையாட்டை ஒரு தடவை அவரிடமே காட்டினேன். சனிக்கிழமை சாயங்காலம் தெருமுனைக் கடை போனிலிருந்து அண்ணாச்சி குரலில் அழைத்தேன். "அதாவது பாத்தீங்கன்னா, மேடம், நாளைக்கு நீங்க லீவு எடுத்துக்கிடுங்க." "சரி அண்ணாச்சி" என்று வைத்துவிட்டார். நான் குதித்தேன். ஞாயிற்றுக்கிழமை மைக் எனக்கு! காலையில் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்தால், மேடம் ஜம்மென்று நாற்காலியில் உட்கார்ந்து பாத்திரக்கடை விளம்பரம் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

"கொரலு அச்சு அசல் அண்ணாச்சிதாம்ட்டி. ஆனா அந்த மனுசன் எனக்கு லீவு குடுத்ததே கெடையாது. 'லீவு'ங்கவுமே நீதான்னு தெரிஞ்சிபோச்சு. நீ கொரலப் பிடிச்சிட்ட. ஆளப் பிடிக்கல."

பார்த்தீர்களா, பாராட்டுகூட ஒரு குட்டு இல்லாமல் வராது. அண்ணாச்சியிடம் போட்டுக்கொடுக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். சோதனையில் இதைச் சொல்லலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். போன பங்குனி உத்திரத்துக்கு மறுநாள். சாஸ்தா கோயிலுக்குப் போன கூட்டம் முழுக்கத் திரும்பிக்கொண்டிருக்கிறது. நிற்க இடமில்லை. மத்தியானம் மேடத்துக்குத் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. "பத்து நிமிசத்துல மருந்து வாங்கிட்டு வந்திருதேன். விளம்பரத்த ஓட விடு. மைக்கத் தொடாத" என்று போனார். டியூட்டி நோட்டில் அந்த நேரத்துக்கு அவர் பெயர்தான் இருந்தது.

நானும் தொட்டிருக்க மாட்டேன் அக்கா. கண்ணாடி வழியாகப் பார்த்தால் எதிரே ஜூஸ் கடையில் என்கூடப் படித்த நான்கு பிள்ளைகள். காலேஜ் பை, காலேஜ் அடையாள அட்டை, காலேஜ் சிரிப்பு. சங்கரன்கோவில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ஒருத்தி போனை நீட்டி வீடியோ எடுக்கிறாள், மற்ற மூன்றும் உதட்டைக் குவிக்கிறார்கள். எனக்குப் பொறாமையெல்லாம் இல்லை. சும்மா, கொஞ்சம் ஓட விட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. அவ்வளவுதான்.

பட்டனை அமுக்கினேன். முதல் முறையாகத் தனியாக! மூக்கைச் சரியான அளவில் அடைத்துக்கொண்டேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சங்கரன்கோவில் செல்லும் கடைசிச் சிறப்புப் பேருந்து புறப்படுகிறது. புறப்படுகிறது. புறப்பட்டுவிட்டது!"

ஐயோ, நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஜூஸ் டம்ளரோடு ஓடினார்கள் அக்கா, நான்கு பேரும்! ஒருத்தி செருப்பு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நான் மேசைக்குக் கீழே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன்.

மேசைக்குக் கீழே இருந்ததால் மற்றதைப் பார்க்கவில்லை.

ஒரு பெரியவரும் ஓடியிருக்கிறார். ஆவுடையப்பன் என்று பெயர், பிறகு தெரிந்தது. எழுபத்திரண்டு வயது. அவர் போக வேண்டியது சுரண்டைக்கு. சங்கரன்கோவில் பஸ்ஸுக்கு அவர் ஏன் அக்கா ஓட வேண்டும்? மூன்றாவது நடைமேடைப் படியில் கால் மடங்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு. நான் எழுந்து பார்த்தபோது கூட்டம் மட்டும்தான் தெரிந்தது. நடுவில் ஒரு துணி மூட்டை அவிழ்ந்து, கோயில் பொங்கல் வைத்த தூக்குச்சட்டி உருண்டு கிடந்தது.

மறுநாள் மாடியில், அண்ணாச்சி ஆபீசில் விசாரணை. பெரியவரின் மகன் வந்திருந்தார், டைம் கீப்பர் வந்திருந்தார். அந்த வீடியோ எடுத்தாளே, அவளுடைய வீடியோவில் என் அறிவிப்பு முழுசாக விழுந்திருக்கிறது. ஊரெல்லாம் போய்விட்டது. மகன் போனை மேசைமேல் வைத்துக் கத்துகிறார்: "இந்தப் பொம்பள கொரலாலதான் எங்கப்பா படுத்த படுக்கையா கெடக்காரு!"

அண்ணாச்சி எங்கள் பக்கம் திரும்பினார். "அதாவது பாத்தீங்கன்னா மேடம், இது யாரு?"

மேடம் என்னைப் பார்க்கவே இல்லை. "போடுங்க" என்றார். போட்டார்கள். 'புறப்படுகிறது. புறப்படுகிறது. புறப்பட்டுவிட்டது!' மேடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னொருக்கா போடுங்க." மறுபடி போட்டார்கள்.

அப்புறம் சொன்னார் அக்கா. "எங் கொரலுதான் சார்."

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்! இருபத்தொரு வருடம் அந்தக் குரலோடு குடும்பம் நடத்திய ஆள். இரண்டு தடவை போட்டுக் கேட்கிறார். அவருக்கே வித்தியாசம் தெரியவில்லை! அந்த நிமிடம்தான் நான் ஆர்ட்டிஸ்ட் ஆனேன். அப்படி ஒரு சர்டிபிகேட் எந்தக் காலேஜில் கிடைக்கும்?

சேச்சே, நான் சும்மா நின்றுவிடவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் மேடம், "ஏட்டி, கீழ போயி வெந்நி எடுத்துட்டு வா" என்றார். அந்த நேரத்திலும் ஏவல்! போனேன். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

பிளாஸ்க்கை நீட்டினேன். வாங்கவில்லை. "நீயே வச்சிக்க" என்றார். நான்கு படி இறங்கி நின்று திரும்பினார். "கொரலு சரியாத்தாம்ட்டி இருக்கு. வார்த்தைய மட்டும் பாத்துக்க."

போகும்போதாவது ஒரு நல்ல வார்த்தை? ம்ஹூம். அப்போதும் ஒரு குறை.

அன்றிலிருந்து நாற்காலி எனக்கு. கேட்பவர்கள் யாரும் ஆள் மாறியதைக் கண்டுபிடிக்கவில்லை. டைம் கீப்பர்கூட ஒரு நாள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "மேடத்த திரும்பச் சேத்துட்டாங்களா?" என்றார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேடமா? இப்போது ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா. சாயங்காலம் வேன் நம்பர் சொல்லிப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற வேலை. மைக் கிடையாது. ஒரு தடவை அந்த வழியாகப் போனேன். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் கேட்டது, கிழிந்த துணி மாதிரி ஒரு குரல்: "ஏழாம் நம்பர் வேன் வந்திருக்கிறது. நின்னுட்டுத்தான் இருக்கிறது. மெதுவா வாங்க." உள்ளே போகவில்லை. அவசர வேலை இருந்தது. என்ன வேலை என்று இப்போது நினைவில்லை.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் மேடம் அந்த ஆவுடையப்பன் தாத்தா வீட்டுக்குப் போகிறாராம். அவரைப் பிடித்து நடக்க வைக்கிறாராம். இங்கே ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மா சொன்னார். ஒன்றுமே செய்யாத ஆள் ஏன் அக்கா போக வேண்டும்? எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், தான்தான் பேசினோம் என்று மேடமே நம்பிவிட்டார். அவ்வளவு தத்ரூபம்! ஹி ஹி.

எப்படி? இரண்டு நிமிடத்துக்குள் சுருக்கிவிடலாம், இல்லையா? கடைசியில் 'அவர் வாயாலேயே என் குரல் என்று சொல்ல வைத்தேன்' என்று முடித்தால் கைதட்டுவார்கள்.

என்ன? கைதட்ட மாட்டார்களா? ஏன்?

எந்த வார்த்தை? ஓ, 'புறப்படுகிறது'. ஆமாம், அதைத்தானே அன்று மைக்கில் சொன்னேன். மூன்று தடவை... இல்லை, மேடம் சொன்னதே இல்லை. அதைத்தான் முதலிலேயே சொன்னேனே அக்கா. இருபத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூட.

அதனால் என்ன? குரல்தானே கேட்டார். இரண்டு தடவை கேட்டார். 'புறப்படுகிறது. புறப்படுகிறது.'

இரண்டு தடவை கேட்டார்.

'லீவு' என்று சொன்னதுமே...

இல்லை அக்கா. அப்படியெல்லாம் இருக்காது. தெரிந்திருந்தால் என் சடையைப் பிடித்திருக்க மாட்டாரா? கன்னத்தில் ஒன்று வைத்திருக்க மாட்டாரா? வெந்நீர் எடுத்து வா என்று ஏன் என்னை வெளியே...

கண்டக்டர் வருகிறார். இருங்கள், அவர் மாதிரிப் பேசிக் காட்டுகிறேன், சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். "உள்ள போ, உள்ள..." இல்லை. இருங்கள். "உள்ள எடங் கெடக்கு..." வரவில்லை. கீழே வேர்க்கடலை விற்கிற அண்ணன் குரல்? அதுவும் வரவில்லை.

என் குரல் ஒரு மாதிரியாக இருக்கிறதா? தெரியவில்லை அக்கா. இதை நான் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை.

ஒன்று செய்கிறீர்களா, மடியில் இந்தத் தாள்களைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பேச அவர்கள் கொடுத்த தாள். பதினான்கு ஊர், நாற்பத்தெட்டு வழித்தடம். பாருங்கள், ஒவ்வொரு வரியும் எப்படி முடிகிறது என்று. 'புறப்படுகிறது.' 'புறப்படுகிறது.' 'புறப்படுகிறது.' நாற்பத்தெட்டு இடம். எந்த ஊரில் எந்தத் தாத்தா தூக்குச்சட்டியோடு நிற்கிறாரோ. மாற்றினால் சம்மதிப்பார்களோ, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்பார்களோ. சொல்லட்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வண்டி எடுப்பதற்குள் கொஞ்சம் அடித்துத் திருத்திவிடலாம், ஓடும்போது கை ஆடும்.

பேனா இருக்கிறதா அக்கா?